ஒரே வசனத்துக்கு ஏன் இத்தனை அர்த்தம்? புதிதாக பைபிள் வாசிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பைபிளைப் புதிதாகத் திறந்து, கொஞ்சம் ஆர்வமாகப் படித்து, நாலு பேரிடம் சந்தேகம் கேட்கத் தொடங்கியதும் இந்தக் குழப்பம் வந்துவிடும். ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) நண்பர் கைக்குழந்தையாக இருந்தபோதே ஞானஸ்நானம் பெற்றவர். பெந்தெகொஸ்தே நண்பர் அது செல்லாது, விவரம் தெரிந்தபின் முழுக்கு எடுக்க வேண்டும் என்கிறார். ஏழாம்நாள் அட்வென்டிஸ்ட் சபைக்காரர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையே வசனத்தில் இல்லை என்கிறார். எல்லோர் கையிலும் பைபிள் இருக்கிறது. எல்லோரும் விரலை வைத்து ஒரு வசனத்தைக் காட்டுகிறார்கள்.

இதைப் பார்த்ததும் இரண்டு எண்ணங்கள் வரும். ஒன்று, இவர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் ஒழுங்காகப் படிக்கவில்லை. இல்லையென்றால், இந்தப் புத்தகத்தை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம். இரண்டுமே அவசர முடிவு என்பேன். பெரும்பாலான வேறுபாடுகள் வசனத்துக்குள் பிறப்பதில்லை. வசனத்துக்கு வருவதற்கு முன்பே எடுத்துவிட்ட முடிவுகளில் பிறக்கின்றன. அந்த முடிவுகளை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அதனால் கண்ணில் படுவதில்லை. அவற்றைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். யார் சொல்வது சரி என்ற தீர்ப்பு இதில் கிடைக்காது.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) முதல் பெந்தெகொஸ்தே வரை பெரும்பாலான சபைகளில் வாசிக்கும் பழைய தமிழ் பைபிள் ஒன்று, கத்தோலிக்கர்கள் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பு ஒன்று, ஒரு நோட்டு. போதும்.

முதல் படி: எந்த பைபிள் என்று பாருங்கள்

இது சுலபமான படி, ஆனால் பலர் தாண்டிப் போய்விடுவார்கள். புராட்டஸ்டண்ட் சபைகளின், அதாவது பதினாறாம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்த வழியில் வந்த சபைகளின், பைபிளில் 66 புத்தகங்கள். கத்தோலிக்க பைபிளில் 73. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபை 81 என்று எண்ணும். மரித்தவர்களுக்காக ஜெபிக்கலாமா என்ற விவாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கர் மக்கபேயர் இரண்டாம் நூல் 12-ஆம் அதிகாரத்தைக் காட்டுவார். போரில் இறந்தவர்களுக்காகப் பாவப்பலி செலுத்தப் பணம் திரட்டிய செய்தி அங்கே இருக்கிறது. எதிரே இருப்பவரின் பைபிளில் அந்தப் புத்தகமே இல்லை. அந்தப் பிரிவைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூத்தர் 1534-இல் வெளியிட்ட ஜெர்மன் பைபிளில் அந்த நூல்களைத் தனியாகப் பிரித்து, வாசிக்கப் பயனுள்ளவை, ஆனால் வேதத்துக்குச் சமமல்ல என்று வைத்தார். கத்தோலிக்கத் திருச்சபை 1546-இல் திரெந்து நகரில் கூடிய ஆயர்களின் பொதுச் சங்கத்தில் அவை வேதமே என்று உறுதிசெய்தது. இங்கே வசனத்துக்கு என்ன பொருள் என்ற சண்டையே இல்லை.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் பாருங்கள்: அந்தப் பகுதி எல்லாக் கையெழுத்துப் பிரதிகளிலும் இருக்கிறதா? மாற்கு 16-ஆம் அதிகாரத்தின் 9 முதல் 20 வரையான வசனங்கள், நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் பிரதிகள் இரண்டிலும் இல்லை. புதிய மொழிபெயர்ப்புகள் பலவும் இதை அடைப்புக்குறியிலோ அடிக்குறிப்பிலோ சொல்லிவிடும். "சர்ப்பங்களை எடுப்பார்கள்" என்ற வாக்கு வருவது இந்தப் பகுதியில்தான். 1910-ஐ ஒட்டி அமெரிக்காவின் டென்னசி மலைப்பகுதியில் ஜார்ஜ் வென்ட் ஹென்ஸ்லி என்ற பிரசங்கியார் இதை அப்படியே கட்டளையாக எடுத்து, ஆராதனையில் விஷப்பாம்புகளைக் கையில் பிடிக்கும் வழக்கத்தைப் பரப்பினார். 1955-இல் பாம்பு கடித்தே இறந்தார். அந்த வழக்கம் அப்பலாச்சிய மலைகளில் சில சிறு சபைகளில் அவருக்குப் பிறகும் தொடர்ந்தது. அதே வசனத்தை வாசிக்கும் மற்ற சபைகள், மெலித்தா தீவில் பவுலின் கையில் விரியன் பாம்பு சுற்றிக்கொண்டபோது நடந்ததைப் போன்ற பாதுகாப்பு பற்றிய வாக்குறுதி இது, பாம்பைத் தேடிப்போகச் சொல்லவில்லை என்கின்றன.

இரண்டாம் படி: கடைசி வார்த்தை யாருடையது

எதிரே இருப்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இரண்டு பேர் இந்த வசனத்துக்கு இரண்டு பொருள் சொன்னால், முடிவு சொல்வது யார்?" கத்தோலிக்கர் திருச்சபையின் போதனை அதிகாரம் என்பார். வேதமும் மரபும் சேர்ந்தே வருகின்றன, இரண்டுக்கும் அதிகாரபூர்வமாகப் பொருள் சொல்வது ஆயர்களும் திருத்தந்தையும் என்பது அவர்கள் நிலை. ஆர்த்தடாக்ஸ் சபையினர் சங்கங்களையும் ஆதித் திருச்சபைப் பிதாக்களையும் சொல்வார்கள். லூத்தரின் வழியில் வந்தவர்கள் வேதமே வேதத்துக்கு விளக்கம் என்பார்கள். பெந்தெகொஸ்தே விசுவாசி, வாசிக்கிறவருக்கு ஆவியானவரே வெளிப்படுத்துவார் என்பதையும் சேர்த்துக்கொள்வார்.

இந்தப் பதிலை நோட்டில் எழுதி வையுங்கள். "வேதம் மட்டுமே" என்று சொல்கிறவரிடம் பொதுச் சங்கத் தீர்மானத்தைக் காட்டிப் பயனில்லை. கத்தோலிக்கரிடம் "இது பைபிளில் எங்கே இருக்கிறது?" என்று கேட்பதும் அப்படித்தான், அவர் அந்தக் கேள்வியின் அடிப்படையையே ஏற்கவில்லை.

வேதம் மட்டுமே என்று எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? அதற்குத்தான் அடுத்த படி.

மூன்றாம் படி: எந்த வசனம் எந்த வசனத்தை விளக்குகிறது

1529 அக்டோபரில் ஜெர்மனியின் மார்பர்க் கோட்டையில் லூத்தரும், சூரிக் நகரின் சீர்திருத்தத் தலைவர் சுவிங்கிலியும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார்கள். கூட்டிவைத்தவர் ஹெஸ்ஸே நாட்டுப் பிரபு பிலிப். புராட்டஸ்டண்டுகள் ஒன்றுபட்டால்தான் பேரரசரைச் சமாளிக்க முடியும் என்பது அவர் கணக்கு. இருவரும் போப்பின் அதிகாரத்தை ஏற்காதவர்கள், இருவரும் கிரேக்கம் படித்தவர்கள், இருவருக்கும் வேதமே முடிவான ஆதாரம். 15 விஷயங்களில் 14-இல் ஒத்துப்போனார்கள். பதினைந்தாவது திருவிருந்து, அதாவது இயேசுவின் கடைசி இராப்போஜனத்தை நினைத்து அப்பமும் ரசமும் பகிரும் சடங்கு. அதிலும் பாதிக்கு மேல் ஒப்புக்கொண்டு, அப்பத்திலும் ரசத்திலும் கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமும் உண்மையாகவே இருக்கின்றனவா என்ற இடத்தில் மட்டும் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

லூத்தர் மேஜையில் சாக்குக்கட்டியால் "இது என் சரீரம்" என்று லத்தீனில் எழுதிவைத்து, இதைத் தாண்டி நகர மாட்டேன் என்றார். சுவிங்கிலி யோவான் 6:63-ஐ எடுத்தார்: "ஆவியே உயிர்ப்பிக்கிறது, மாம்சமானது ஒன்றுக்கும் உதவாது." இயேசு தன்னைத் திராட்சச்செடி என்றும் சொன்னார், அதை யாரும் செடியாக எடுத்துக்கொள்வதில்லையே என்பது அவர் வாதம். லூத்தருக்கு யோவான் 6 திருவிருந்தைப் பற்றிய பகுதியே இல்லை. சுவிங்கிலிக்கு அதுதான் திறவுகோல்.

கவனியுங்கள், இரண்டு வசனங்களையும் இருவரும் நம்பினார்கள். எதை முதலில் வைத்து எதை அதன் வெளிச்சத்தில் படிப்பது என்பதில்தான் பிரிந்தார்கள். லூத்தரன் சபைகளும் சீர்திருத்த சபைகளும் தனித்தனியாகப் போனதற்கு இந்த ஒரு பிரிவு பெரிய காரணம்.

ஆகவே, ஒருவர் ஒரு வசனத்தைக் காட்டினால் உடனே எதிர்வசனம் தேடாதீர்கள். "இதை விளக்க உங்கள் சபையில் வேறு எந்த வசனத்தைச் சேர்த்துப் படிப்பீர்கள்?" என்று கேளுங்கள். அந்த இரண்டாவது வசனம் கிடைத்துவிட்டால் அவர்களுடைய முழு வாதமும் புரிந்துவிடும்.

நான்காம் படி: நடந்த சம்பவமா, நடக்க வேண்டிய மாதிரியா

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். கொஞ்சம் நேரம் ஒதுக்கிச் செய்ய வேண்டும். அப்போஸ்தலர் நடபடிகள் 2-ஆம் அதிகாரத்தை மட்டும் எடுத்து மெதுவாக வாசியுங்கள். 47 வசனங்கள், அரைமணி நேரம் ஆகும். கிறிஸ்தவ உலகத்தின் பிரிவுகளில் பாதி அந்த ஓர் அதிகாரத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன.

4-ஆம் வசனம்: எல்லோரும் பரிசுத்த ஆவியால் நிரப்பப்பட்டு வெவ்வேறு பாஷைகளில் பேசத் தொடங்கினார்கள். 1906-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசூசா தெருவில் வில்லியம் சீமோர் நடத்திய கூட்டங்களிலிருந்து உலகமெங்கும் பரவிய பெந்தெகொஸ்தே இயக்கத்துக்கு இது ஒரு மாதிரி. அன்று நடந்தது இன்றும் நடக்க வேண்டும், அந்நிய பாஷை பேசுவது ஆவியின் அபிஷேகத்துக்கு அடையாளம். பிரதரன் (Brethren) என்ற சபைப்பிரிவினர் பலருக்கு இது சபை தொடங்கிய நாளில் ஒருமுறை நடந்த சம்பவம். துணைக்கு 1 கொரிந்தியர் 13-ஐ எடுப்பார்கள்: அந்நிய பாஷைகள் ஓய்ந்துபோகும், நிறைவானது வரும்போது குறைவானது ஒழியும். நிறைவானது என்றால் புதிய ஏற்பாடு எழுதி முடிந்தது என்பது அவர்களில் பலர் சொல்லும் பொருள். கிறிஸ்து திரும்பி வரும் நாள் என்று பெந்தெகொஸ்தேயினர் சொல்வார்கள்.

38-ஆம் வசனம்: இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஞானஸ்நானம் பெறுங்கள் என்கிறார் பேதுரு. மத்தேயு 28:19 பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் என்கிறது. ஞானஸ்நானம் கொடுக்கும்போது சொல்ல வேண்டிய சூத்திரம் எது, விளக்கம் எது? இந்தக் கேள்வியில் பெந்தெகொஸ்தே இயக்கமே இரண்டாகப் பிரிந்தது. 1916-இல் அமெரிக்காவின் அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபை திரித்துவத்தை (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற போதனையை) உறுதிசெய்து அறிக்கை வெளியிட, "இயேசு நாமம்" தரப்பினர் வெளியேறினார்கள். நம் ஊரிலும் இந்த இரண்டு வகை சபைகளும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது, உள்ளே போனால் பெரிய மதில்.

அடுத்த வசனமே 39: வாக்குத்தத்தம் உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் உரியது. குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கும் சபைகள் இந்த வரியைப் பிடித்துக்கொள்ளும். கொடுக்காதவர்கள், அதற்கு முந்தின வரியில் முதலில் மனந்திரும்புங்கள் என்று இருக்கிறதே, குழந்தை எப்படி மனந்திரும்பும் என்பார்கள். ஒரே பத்தி, அடுத்தடுத்த வரிகள்.

42-இல் அப்பம் பிட்குதல் வருகிறது. பிரதரன் சபையில் ஒவ்வொரு ஞாயிறும் தவறாமல் நடக்கும். வேறு பல சபைகளில் மாதம் ஒருமுறை.

இனி 44-க்கு வாருங்கள். விசுவாசிகள் எல்லோரும் "சகலத்தையும் பொதுவாய் வைத்து அநுபவித்தார்கள்." நிலத்தையும் சொத்தையும் விற்றுப் பகிர்ந்துகொண்டார்கள். 4-ஆம் வசனம் இன்றைக்கும் மாதிரி என்று அடித்துச் சொல்கிறவரிடம் 44-ஐக் காட்டுங்கள். பெரும்பாலும், "அது அந்தக் காலச் சூழ்நிலை" என்ற பதில் வரும். 4-ஆம் வசனம் முடிந்துபோன சம்பவம் என்று சொல்கிறவரும் 42-ஐ இன்றைக்கும் கடைப்பிடிக்கிறார். சொத்தைப் பொதுவில் வைப்பதையே மாதிரியாக எடுத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். 1536-இல் கொல்லப்பட்ட ஜேக்கப் ஹட்டரின் பெயரால் வழங்கும் ஹட்டரைட் மக்கள் கனடாவிலும் அமெரிக்காவிலும் இன்றும் தனிச்சொத்து இல்லாமல் பண்ணைக் குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். கத்தோலிக்கத் துறவு மடங்களும் அதே புத்தகத்தின் 4-ஆம் அதிகாரத்திலிருந்து பொதுவுடைமையை எடுத்தன. ஆனால் எல்லோருக்கும் அல்ல, அழைப்புப் பெற்ற துறவிகளுக்கு மட்டும். 1920-களில் கொழும்பில் தோன்றிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனும் கிட்டத்தட்ட அப்படித்தான். அதன் ஊழியர்கள் சொத்தைத் துறந்து விசுவாச வீட்டில் கூட்டாக வாழ்கிறார்கள், சபைக்கு வரும் விசுவாசிகள் தங்கள் வீடுகளில்.

யாரையும் மடக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒவ்வொரு சபையும் எதை மாதிரி, எதைச் சம்பவம் என்று பிரிக்க ஒரு விதி வைத்திருக்கிறது. சிலர் நிருபங்களில் (அப்போஸ்தலர்கள் எழுதிய கடிதங்களில்) கட்டளையாக வந்தால்தான் மாதிரி என்பார்கள். சிலர் நடபடிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை நடந்திருந்தால் மாதிரி என்பார்கள். அந்த விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் உங்கள் வேலை. சபையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் பலருக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. போதகருக்குத் தெரியும்.

ஐந்தாம் படி: சொல்லாமல் விட்டதற்கு என்ன பொருள்

வீட்டார் அனைவரோடும் ஞானஸ்நானம் பெற்றதாக நடபடிகள் 16-இல் இரண்டு பேரைப் பற்றி வருகிறது: லீதியாள், சிறைச்சாலைக்காரன். அந்த வீடுகளில் குழந்தைகள் இருந்தார்களா என்று பைபிள் சொல்லவில்லை. குழந்தைக்குக் கொடு என்றும் எங்கும் இல்லை, கொடுக்காதே என்றும் இல்லை. இந்த மௌனத்தை அனுமதியாக எடுப்பவர்கள் ஒரு பக்கம், தடையாக எடுப்பவர்கள் மறுபக்கம். 1525 ஜனவரியில் சூரிக் நகரில் சிலர் பெரியவர்களாக மறுபடி ஞானஸ்நானம் பெற்றார்கள். அவர்களில் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸை 1527-இல் நகராட்சி லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது. கொன்றவர்களும் புராட்டஸ்டண்டுகள்தான்.

ஆராதனையில் இசைக்கருவி வேண்டுமா என்பதும் இதே வகை. புதிய ஏற்பாட்டில் சபைக் கூடுகையில் கருவி வாசித்ததாக இல்லை என்பதால் "கிறிஸ்துவின் சபை" (Church of Christ) என்ற பெயருள்ள சபைகள் பலவற்றில் வாய்ப்பாட்டு மட்டும். மற்றவர்கள், வேண்டாம் என்று சொல்லவில்லையே என்று கீபோர்டும் டிரம்ஸும் வைத்துவிடுகிறார்கள்.

ஆறாம் படி: அந்த ஊர் வழக்கமா, எல்லாக் காலத்துக்குமா

பெண்கள் முக்காடு போடுவது (1 கொரிந்தியர் 11), பொன் நகை அணியாதது (1 தீமோத்தேயு 2:9), ஒருவர் காலை ஒருவர் கழுவுவது (யோவான் 13:14), பரிசுத்த முத்தத்தோடு வாழ்த்துவது (ரோமர் 16:16). இந்த நான்கையும் நோட்டில் எழுதி, உங்களுக்குத் தெரிந்த ஒவ்வொரு சபையும் எதை அப்படியே செய்கிறது, எதை அந்தக் கால வழக்கம் என்று விட்டுவிடுகிறது என்று குறித்துப் பாருங்கள். பெந்தெகொஸ்தே வீட்டுக் கல்யாணத்தில் மணப்பெண் கழுத்து வெறுமையாக இருக்கலாம். பக்கத்துத் தெரு சி.எஸ்.ஐ. கல்யாணத்தில் அதே கழுத்து நிறைய நகை. முத்தம் என்ற இடம் வந்தால் பெரும்பாலான சபைகள் ஒரு "ஸ்தோத்திரம்" சொல்லி முடித்துக்கொள்ளும். பெண் போதகம் பண்ண நான் உத்தரவு கொடுக்கிறதில்லை என்ற 1 தீமோத்தேயு 2:12-ஐ வைத்துப் பல சபைகள் பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுப்பதில்லை. அதே வசனத்தை வாசிக்கும் சி.எஸ்.ஐ. 2013-இல் நந்தியால் பேராயராக ஒரு பெண்ணையே அபிஷேகம் செய்தது: புஷ்ப லலிதா.

ஏழாம் படி: வாசிப்பவர் எங்கே நிற்கிறார்

கொஞ்சம் சங்கடமான படி. தவிர்த்துவிடாதீர்கள். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் இருந்த பழைய சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனி இருக்கை, திருவிருந்தில் யார் முன்னால் போவது என்ற வரிசை எல்லாம் வழக்கமாக இருந்தன. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டை உடனடியாக, முற்றாகக் கைவிட வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். கிறிஸ்துவுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை என்ற கலாத்தியர் 3:28 அந்தத் தரப்பின் அடித்தளம். எதிர்த்தவர்களும் பைபிளை நம்பியவர்கள்தான். சாதி உலக வழக்கம், சமய விஷயம் அல்ல, ஆத்துமாவில் எல்லோரும் ஒன்று, ஆனால் வெளிவாழ்வின் அந்தஸ்து வேறு என்றார்கள். பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். பின்னால் சாதி விஷயத்தில் மென்மையாக நடந்துகொண்ட லைப்சிக் லூத்தரன் மிஷனில் பலர் சேர்ந்தார்கள்.

இதில் எந்தப் பக்கம் எந்த வாசிப்பை எடுத்தது என்று பார்த்தால், அவரவர் எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதோடு அது ஒட்டிவருவதைக் காணலாம். அமெரிக்காவிலும் இதுதான். அடிமைகளை வைத்திருப்பவர்கள் மிஷனரியாகலாமா என்ற சண்டையில் 1845-இல் தனியாகப் பிரிந்தது தென்பகுதி பாப்டிஸ்ட் பேரவை. அடிமை முறையை ஆதரித்ததற்காக அது மன்னிப்புக் கேட்டது 1995-இல். இடைப்பட்ட 150 ஆண்டில் வசனம் ஒன்றுகூட மாறவில்லை. எல்லா விளக்கத்தையும் சுயநலம் என்று தள்ளிவிட இதைச் சாக்காக எடுக்கவும் கூடாது. தனக்கு நஷ்டம் வரும் விளக்கத்தை ஏற்றுக்கொண்டு உயிரைவிட்டவர்களும் உண்டு. மேலே சொன்ன மான்ஸ் ஒருவர்.

தீர்க்கதரிசனப் புத்தகங்களைக் கடைசிக்கு வையுங்கள்

தானியேலையும் வெளிப்படுத்தின விசேஷத்தையும் வைத்து இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். அங்கே மேலே சொன்ன ஏழும் ஒன்றாக வந்து விழும், கூடவே எண்களும் மிருகங்களும். தானியேல் 8:14-இல் வரும் 2300 நாளை 2300 வருஷமாகக் கணக்கிட்டு, வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று கிறிஸ்து வருவார் என்று காத்திருந்தார்கள். வரவில்லை. சிலர் எல்லாவற்றையும் விட்டுவிட்டார்கள். சிலர் வேறு தேதி குறித்தார்கள். சிலர் தேதி சரி, ஆனால் சுத்திகரிக்கப்பட வேண்டிய பரிசுத்த ஸ்தலம் பூமியில் இல்லை, பரலோகத்தில் இருக்கிறது என்று வாசித்தார்கள். இந்தக் கடைசிக் குழுவிலிருந்துதான் 1863-இல் ஏழாம்நாள் அட்வென்டிஸ்ட் சபை அமைந்தது.

சரி, ஆளிடம் எப்படிக் கேட்பது?

தொலைபேசியில் வேண்டாம், வாட்ஸ்அப் குழுவில் வேண்டவே வேண்டாம். நேரில், ஒருவரிடம் ஒரு சமயத்தில், ஒரே ஒரு வசனம். "உங்கள் சபையில் ஏன் இப்படித் தப்பாகச் செய்கிறீர்கள்?" என்ற தொனி வந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. "அண்ணே, இதை எப்படிப் புரிஞ்சுக்கறீங்க, கூட எந்த வசனத்தைப் படிக்கணும்?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் டீ வாங்கிக் கொடுத்துச் சொல்வார்கள். அவர் சொன்னதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, "சரியா?" என்று கேளுங்கள். அவர் ஆமாம் என்ற பிறகுதான் நோட்டில் எழுத வேண்டும். அப்புறம் அதே வசனத்தோடு வேறு சபைக்காரரிடம் போங்கள். முதல் ஆள் சொன்னதை இரண்டாவது ஆளிடம் பெயரோடு சொல்லாதீர்கள், கிராமமாக இருந்தால் மறுநாளே போய்ச் சேர்ந்துவிடும்.

பழகுவதற்கு ஒரு ஜோடி: ரோமர் 3:28, யாக்கோபு 2:24. ஒன்றில் மனுஷன் விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுகிறான் என்று இருக்கும், மற்றதில் விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் என்று இருக்கும். லூத்தர் 1522-இல் யாக்கோபின் நிருபத்தையே வைக்கோல் என்று எழுதிவிட்டார். 1999 அக்டோபர் 31-இல் ஆக்ஸ்பர்க் நகரில் உலக லூத்தரன் சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் இது பற்றி ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. மூன்றாம் படியை இந்த ஜோடியில் போட்டுப் பாருங்கள். அது முடிந்ததும் மத்தேயு 16:18. இந்தக் கல் யார், பேதுருவா, அவன் அறிக்கையிட்ட விசுவாசமா, கிறிஸ்துவேயா? ஒரு ஆர்.சி. பங்குத்தந்தையிடமும் ஒரு பாப்டிஸ்ட் போதகரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டாம் படியிலிருந்து தொடங்குங்கள்.